வீட்டைப் பூட்டிச் செல்வோருக்கான தண்ணீர்க் குழாய்ப் பராமரிப்பு: மதுரைச் சேவை ஒன்றின் மதிப்புரை

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் சென்று மாதக்கணக்கில் தங்கிவரும் பெற்றோர் மதுரையில் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். புறப்படும்போது பெரும்பாலோர் மெயின் வால்வை அடைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவதோடு சரி. ஒத்தக்கடைப் பக்கம் இயங்கும் ஒரு சிறிய பிளம்பிங் குழு, வீட்டின் தண்ணீர் அமைப்பு முழுவதையும் மூடி வைப்பதையும் திரும்பி வந்தபின் திறந்து தருவதையும் ஒரே வேலையாக ஏற்றுச் செய்கிறது. ஐப்பசி மழைக்கு முன் எங்கள் திருநகர் வீட்டுக்கு அவர்களை அழைத்தோம். எதை வடிக்க வேண்டும், எதை வடிக்கவே கூடாது என்று பிரித்தறிந்து வேலை செய்கிறார்கள் என்பதுதான் அவர்களுடைய பெரிய சிறப்பு.

பனி உறையும் நாடுகளில், சமையலறையும் குளியலறையும் கொண்ட வீடுபோன்ற டிரெய்லர் வண்டியைக் குளிர்காலத்துக்கு நிறுத்தி வைப்பவர்கள் அதன் தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு, எளிதில் உறையாத, புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த திரவத்தைக் குழாய்களில் ஏற்றிவிடுவார்கள். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிந்து குழாயைப் பிளந்துவிடும் என்பதே காரணம். மதுரையில் அந்தப் பயம் இல்லை. இங்கே கொசுவையும் உப்புத் தண்ணீரையும் வெயிலையும்தான் சமாளிக்க வேண்டும்.

மேல்நிலைத் தொட்டியை அவர்கள் காலி செய்ததோடு நிற்கவில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், உட்சுவரை பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவினார்கள். காற்றுக் குழாயின் வாயிலும் வழிகுழாயின் வாயிலும் நைலான் வலை கட்டினார்கள். கீசரில் முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து காற்றுக்கு வழிவிட்ட பிறகே தண்ணீரை வடித்தார்கள். போர் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு, உடைந்த முட்டை ஓடுபோல் வெள்ளைச் சில்லுகளாக வாளியின் அடியில் வந்து விழுந்தது.

சோலார் வாட்டர் ஹீட்டரை வடிக்க அவர்கள் மறுத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள் தண்ணீரின்றி வெயிலில் கிடந்தால் உள்ளே வெப்பம் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும்; அந்தச் சூட்டில் பச்சைத் தண்ணீர் பாய்ந்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். ஆகவே அதற்குச் செல்லும் கேட் வால்வை மூடி, தண்ணீரை உள்ளேயே நிறுத்தி, குழாய்களின்மேல் கனமான தார்ப்பாயை விரித்துக் கட்டினார்கள். கழிப்பறையிலும் தரைச் சல்லடைக்கு அடியிலும் தேங்கும் தண்ணீர் வற்றினால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் உள்ளே வரும் என்று, அதன்மேல் சிறிது சமையல் எண்ணெய் ஊற்றினார்கள். எளிய வேலைதான், ஆனால் நாங்கள் திரும்பிவந்து கதவைத் திறந்தபோது வீட்டில் துளி நாற்றமில்லை.

குறை, குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தில். குழாயை அடைத்து, பிளக்கைப் பிடுங்கியதோடு அதை விட்டுவிட்டார்கள். அதன் சேமிப்புத் தொட்டியையாவது வடித்திருக்க வேண்டும். அதில் தண்ணீரை வடிகட்டும் மெம்பரேன் என்ற சவ்வு காய்ந்துவிடவும் கூடாது, பழைய தண்ணீரில் கிருமி வளர ஊறிக் கிடக்கவும் கூடாது. கிருமி வளராமல் தடுக்கும் சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் அதைப் பாதுகாக்கும் முறை உண்டு என்றாலும், அது இவர்களுடைய வேலையில் சேரவில்லை. திரும்பி வந்தபோது தொட்டித் தண்ணீரில் வாடை அடித்தது. ஃபில்டர்களையும் மெம்பரேனையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாயிற்று. மற்றபடி, திறக்கும் நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து, ஒவ்வொரு குழாயையும் கலங்கல் தெளியும்வரை ஓடவிட்டு, கீசர் நிரம்பி வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போட்டார்கள். முன்பு பேசிய தொகைக்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இவர்களை அழைப்பவர்கள், புறப்படும் முன்பே ஆர்.ஓ. நிறுவனத்தின் ஆளைத் தனியாக வரவழைத்து அந்த ஒரு வேலையை முடித்துக்கொள்வது நல்லது.