கல்லீரல் ஆய்வு: பழைய செல் வரிசையா, ஆர்கனாய்டா?

ஹெபடைடிஸ் பி வைரஸையும் அதனால் வரும் கல்லீரல் புற்றுநோயையும் ஆராய, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும்படி வளர்க்கப்படும் ஒரே வகைச் செல்களான, ஹெப்-ஜி2 போன்ற செல் வரிசைகளே பல்லாண்டுகளாகக் கைகொடுத்து வந்துள்ளன. அவை செலவு குறைந்தவை, விரைவாகப் பெருகுபவை; ஏராளமான மருந்து மூலக்கூறுகளை முதற்கட்டமாகச் சலித்தெடுக்க இன்றும் அவையே ஏற்றவை. ஆனால் வைரஸ் செல்லுக்குள் நுழைய வாயிலாக அமையும் என்டிசிபி புரதம் (2012இல்தான் அதன் இந்தப் பங்கு கண்டறியப்பட்டது) ஹெப்-ஜி2 செல்களில் போதிய அளவு இல்லாததால், அதற்கான மரபணுவைப் புகுத்திய பிறகே தொற்று முறையாக ஏற்படுகிறது. மேலும், அவை ஒரு சிறுவனின் கல்லீரல் கட்டியிலிருந்து பெறப்பட்டவை. ஏற்கெனவே புற்றாகிவிட்ட செல்லில், நலமான செல் புற்றாக மாறும் பாதையைத் தேடுவது பொருந்தாது என்றே கருதுகிறேன்.

அந்தப் பாதையை அறிய, திசுவிலிருந்தோ குருத்தணுக்களிலிருந்தோ முப்பரிமாணமாக வளர்க்கப்படும் குறு உறுப்பு மாதிரியான ஆர்கனாய்டே என் தேர்வு. நலமான கல்லீரலிலிருந்து வளர்த்தவற்றில் தொற்றின் தொடக்க மாற்றங்களைக் காண முடிகிறது. நோயாளிகளின் புற்றுக்கட்டிகளிலிருந்து வளர்த்தவையோ, 2017இல் வெளியான ஆய்வு காட்டியபடி, மூலக் கட்டியின் அமைப்பையும் மரபணு மாற்றங்களையும் பெரிதும் தக்கவைத்துக்கொள்கின்றன. வளர்ப்புச் செலவு அதிகம் என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். நோயெதிர்ப்புச் செல்கள் அவற்றில் பொதுவாக இல்லாததே பெருங்குறை. ஏனெனில் இந்நோயில் கல்லீரலைச் சிதைப்பது பெரும்பாலும் வைரஸ் அன்று, அதை எதிர்க்கும் நம் உடலின் செல்களே.