லாரியில் எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டினால் மைலேஜ் ஏறும் என்பவர்களிடம் ஃபேன் கிளட்ச்சைக் கொடுத்து ஏமாறாதீர்கள்

லாரி வைத்திருப்பவர்களும் ஓட்டுபவர்களும் இதை முழுதாகப் படியுங்கள். ரேடியேட்டரைக் குளிர்விக்க இன்ஜினோடு ஓடும் ஃபேனையும், அதைத் தேவைக்கேற்பப் பிடித்து விடும் கிளட்ச்சையும் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டித் தருகிறோம், லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூடும் என்று பைபாஸ் ஓரக் கடைகளில் ஆள் பிடிக்கிறார்கள். அப்படி மாட்டிய பத்து சக்கர டாரஸ் ஒன்று ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய், ஹெட் வளைந்து, கட்டி இழுத்துப் பட்டறைக்கு வந்தது. கழற்றும்போது கண்டதையும், அந்த மைலேஜ் கணக்கு ஏன் பொய் என்பதையும் எழுதுகிறோம்.

சங்ககிரியில் சிமெண்ட் ஏற்றி ஓசூர் போகும் வண்டி அது. மார்கழிக் குளிரில், காலி வண்டியாக இருந்தபோது மாட்டியிருக்கிறார்கள். பழைய ஃபேன் இல்லாமல் சமதரையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார்களாம். சத்தம் குறைந்தது, ஆக்ஸிலரேட்டர் இலகுவாக இருந்தது, ஹீட் மீட்டர் முள்ளும் ஏறவில்லை. காலி வண்டிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றே போதும், ஃபேனே இல்லாவிட்டாலும் ஹீட் ஏறாது. இதை வைத்துத்தான் வியாபாரம் முழுவதும் நடக்கிறது. சித்திரை வெயிலில் முழு லோடோடு தொப்பூர் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஊர்ந்தபோதுதான் உண்மை தெரிந்தது.

தண்ணீர் கொதித்து வெளியேறிய பிறகு மீட்டர் முள் கீழே இறங்கியிருக்கிறது. சூடு தணிந்துவிட்டது என்று நம்பி டிரைவர் மேலே ஏற்றியிருக்கிறார். இதை எல்லா டிரைவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்: கூலண்ட் மட்டம் சென்சாருக்குக் கீழே போனால் சென்சார் தண்ணீரில் இல்லாமல் நீராவியில் நிற்கும், அப்போது முள் தப்பாகக் குறைத்துக் காட்டும். ஏற்றத்தில் ஏறிக்கொண்டே இருந்த முள் காரணமில்லாமல் சட்டென்று இறங்கினால் அது நல்ல செய்தி அல்ல. உடனே ஓரம் கட்டுங்கள். இன்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். கொதிக்கும் ஹெட்டில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும்.

மாட்டியிருந்த வேலையைப் பார்ப்போம். மாட்டியிருந்த இரண்டும் காயலான் கடையிலிருந்து எடுத்த 12 வோல்ட் கார் ஃபேன்கள். லாரி 24 வோல்ட் என்பதால் இரண்டையும் சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்திருந்தார்கள். இதில் ஒன்றின் பிரஷ் தேய்ந்து தொடர்பு விட்டால் இரண்டுமே நிற்கும். ஒன்றின் பேரிங் இறுகி நின்றால் வோல்டேஜில் பெரும்பகுதி அடுத்த மோட்டாருக்குப் போய் அதுவும் கருகும். இந்த வண்டியில் நடந்தது இரண்டாவது. ஒன்று இறுகிக் கிடந்தது, மற்றதன் காயில் கருகிப்போயிருந்தது.

ட்யூபும் மெல்லிய ஃபின் தகடுகளும் அடுக்கிய ரேடியேட்டர் கோருக்குள் பிளாஸ்டிக் ஊசிகளைக் குத்தி ஃபேனை இறுக்கியிருந்தார்கள். லாரி அதிர்வில் அந்த ஊசி ட்யூபை அறுக்கும். ஒரு ட்யூபில் கசிவு தொடங்கியே இருந்தது. ஃபேனைச் சுற்றிக் காற்றை வழிநடத்தும் கூடான ஒரிஜினல் ஷ்ரவுட்டைக் கழற்றி எறிந்துவிட்டதால் ஃபேன் வட்டத்துக்கு எதிரே உள்ள இடத்தில் மட்டும்தான் காற்று இழுபட்டது, கோரின் நான்கு மூலைகளும் சும்மா கிடந்தன. சூடு பார்க்கும் சென்சார் தண்ணீர் வழியில் இல்லை, ஃபின்களுக்கு நடுவே சொருகியிருந்தது. அது தண்ணீரின் சூட்டைச் சரியாகச் சொல்லாது, ஃபேனைத் தாமதமாகப் போட்டு முன்கூட்டியே நிறுத்தும். ஒயர் 1.5 சதுர மி.மீ., பேட்டரி அருகே ஃபியூஸே இல்லை, எர்த் கேபின் தகட்டில். ஃபியூஸ் இல்லாத ஒயர் எங்காவது உரசி எர்த் ஆனால் வண்டி தீப்பிடிக்கும்.

இவ்வளவுக்கும் மேல், கழற்றிய ஒரிஜினல் ஃபேன் கிளட்ச்சை ஓனரிடம் திருப்பித் தரவில்லை. நல்ல நிலையில் உள்ள கிளட்ச்சுக்குப் பழைய பார்ட்ஸ் சந்தையில் நல்ல விலை உண்டு. வேலைக்குப் பணமும் வாங்கி, அதைவிட மதிப்புள்ள பொருளையும் எடுத்துக்கொண்டார்கள்.

புது ஃபேன் மாட்டி, ஒயரிங்கும் ஒழுங்காகச் செய்திருந்தால் போதுமா? லோடு லாரிக்குப் போதாது. 180 குதிரைத்திறன் இன்ஜின் முழு சக்தியில் இழுக்கும்போது ரேடியேட்டர் வழியாகத் தோராயமாக 70 கிலோவாட் வெப்பம் வெளியேற வேண்டும். 40 டிகிரி வெளிக்காற்று உள்ளே நுழைந்து 70 டிகிரியாக வெளியே வருவதாக வைத்தால், நொடிக்கு 2 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். ஃபேன் அட்டையில் போடும் கணக்கில் அது ஏறக்குறைய 4,400 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று). பதினாறு அங்குல ஃபேன் ஒன்றின் அட்டையில் 2,000 சி.எஃப்.எம். என்று இருக்கும், இரண்டு போட்டால் கிட்டத்தட்ட சரியாகிவிடுமே என்று தோன்றும். ஆனால் அந்த எண் எதிரே எந்தத் தடையும் இல்லாமல் அளந்தது. லாரியில் ஃபேன் காற்றை இழுப்பது இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது), ரேடியேட்டர் இரண்டையும் தாண்டி. ஏ.சி. வண்டியாக இருந்தால் கண்டென்சரும் சேரும். அங்கே பாதிக்குப் பக்கம் விழுந்துவிடும். மெதுவாக ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்றும் கிடையாது.

இன்ஜினோடு ஓடும் மெக்கானிக்கல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும்போது இந்த அளவு இன்ஜினில் 10 கிலோவாட் வரை எடுத்துக்கொள்ளும். அதே வேலையை 24 வோல்ட்டில் மோட்டார் செய்யவேண்டுமானால் 350 ஆம்பியருக்கு மேல் வேண்டும். வண்டியில் இருப்பது 80 ஆம்பியர் ஆல்டர்னேட்டராக இருந்தால் அது மொத்தமாகத் தருவதே 2 கிலோவாட்டுக்குச் சற்று மேல்தான், அதில் ஹெட்லைட், வைப்பர், பேட்டரி சார்ஜ் எல்லாம் அடங்கும். பெல்ட்டிலிருந்து ஆல்டர்னேட்டர், அங்கிருந்து மோட்டார் என்று மாறும் ஒவ்வொரு இடத்திலும் மூன்றில் ஒரு பங்கு சூடாக வீணாகும். எனவே ஒரே அளவு காற்றைத் தள்ள எலெக்ட்ரிக் ஃபேன் இன்ஜினிடமிருந்து அதிகமாகத்தான் வாங்கும், குறைவாக அல்ல.

சரி, மைலேஜ் ஏறியது போல் தெரிவது எப்படி? இங்கேதான் கவனிக்க வேண்டும். இன்றைய லாரிகளில் ஃபேன் இன்ஜினோடு எப்போதும் இறுகிச் சுற்றுவதில்லை. நடுவில் சிலிகோன் எண்ணெய் நிரம்பிய விஸ்கஸ் கிளட்ச் இருக்கிறது. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் முன்னால் உள்ள பைமெட்டல் சுருள் வால்வைத் திறக்கும், எண்ணெய் உள்ளே போய் ஃபேன் பிடிக்கும். காற்று ஆறினால் விட்டுவிடும். விட்ட நிலையில் ஃபேன் கால்வாசி வேகத்தில் சுற்றினால், கிளட்ச்சில் வழுக்கி வீணாவதையும் சேர்த்து இன்ஜின் மேல் விழும் சுமை முழுச் சுமையில் 16-ல் ஒரு பங்குதான். 10 கிலோவாட் இருந்த இடத்தில் 0.6. இதை மிச்சப்படுத்தி லிட்டருக்கு அரை கிலோமீட்டர் எப்படிக் கிடைக்கும்?

உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிற வண்டிகள் சில உண்டு. வழியில் கிளட்ச் பழுதானபோது போல்ட் போட்டு லாக் செய்து, அதை மறந்து அப்படியே ஓடிக்கொண்டிருப்பவை அவை. கிளட்ச் உள்ளேயே இறுகிப்போனவையும் உண்டு. அவற்றில் எந்நேரமும் விமானம் போல இரைச்சல் இருக்கும், டீசலும் குடிக்கும். அதற்கு மருந்து புது கிளட்ச். காலி ரிட்டர்ன் டிரிப்பை லோடு டிரிப்போடு ஒப்பிட்டு மைலேஜ் காட்டினால் ஏற்காதீர்கள். ஒரே ரூட், ஒரே லோடு, டேங்க் நிரப்பி மறுபடி நிரப்பும் கணக்கு மட்டுமே செல்லும்.

கிளட்ச்சை நீங்களே பார்க்கலாம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு அடங்கினால் நல்ல அறிகுறி. சூடான இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஃபேனைச் சுற்றிப் பாருங்கள். பிசுக்கான இறுக்கத்தோடு கொஞ்சம் சுற்றி நிற்க வேண்டும். காற்றாடி போல் தொடர்ந்து சுற்றினால் எண்ணெய் போய்விட்டது. அசையவே மறுத்தால் இறுகிவிட்டது. கிளட்ச் முகத்தில் தூசி ஒட்டிய எண்ணெய்க் கோடுகள், பிளேடு நுனியைப் பிடித்து ஆட்டினால் தெரியும் ஆட்டம், பைமெட்டல் சுருளில் அப்பிய சேறு ஆகியவற்றையும் பாருங்கள்.

கிளட்ச் சரியாக இருந்தும் ஹீட் ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைந்த குப்பை. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பஞ்சு, வைக்கோல், தீவனம் ஏற்றும் வண்டிகளில் அது கம்பளி போலப் படிந்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த பிரஷரில் தண்ணீர் அடியுங்கள், வேகமாக அடித்தால் ஃபின் மடங்கும். பிறகு பெல்ட் இறுக்கம், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடியின் ரப்பர், ஷ்ரவுட்டில் உடைசல். போர் தண்ணீரை ஊற்றி உப்புப் படிந்த ரேடியேட்டருக்கு எந்த ஃபேன் போட்டும் பயனில்லை.

பி.எஸ்.6 வண்டிகளில் பலவற்றுக்கு இன்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.யு. கட்டுப்படுத்தும் கிளட்ச் வருகிறது. அதைக் கழற்றினால் ஃபேன் வேகத்தைக் காணோம் என்று எச்சரிக்கை விளக்கு எரியும். விளக்கை அணைக்க இன்னொருவரிடம் பணம் கொடுத்து ரெசிஸ்டர் மாட்டும் கூத்தும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

எலெக்ட்ரிக் ஃபேன் கெட்டது என்று சொல்லவில்லை. கார்களிலும் பல சின்ன வண்டிகளிலும் கம்பெனியே மாட்டுகிறது, ரேடியேட்டரையும் ஆல்டர்னேட்டரையும் அதற்கேற்ப வடிவமைத்து. லாரியில் ஏ.சி. கண்டென்சருக்குத் தனி ஃபேன் சேர்ப்பதும் சரிதான், மெக்கானிக்கல் ஃபேன் அதன் இடத்தில் இருக்கும்வரை. சேர்க்கும்போது 24 வோல்ட் மோட்டார், 4 சதுர மி.மீ. ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ், தனி ரிலே, எர்த் நேராக பேட்டரி நெகட்டிவுக்கு. ஃபேனைத் தாங்குவது பிராக்கெட்டாக இருக்கட்டும், கோர் அல்ல.

ஏற்கெனவே மாட்டிவிட்டீர்கள் என்றால் அடுத்த லோடுக்கு முன் பழைய ஃபேன், கிளட்ச், ஷ்ரவுட் மூன்றையும் திரும்பப் போடுங்கள். கடையிலிருந்து கிளட்ச்சைத் திரும்ப வாங்கினால் வண்டியில் நிற்பது போலவே நிமிர்த்தி வையுங்கள். படுக்கப் போட்டால் எண்ணெய் பேரிங் பக்கம் ஒழுகிக் கெட்டுவிடும்.

பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் ஜி-பே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, கழற்றிய பொருள்களின் போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று கடைக்காரர் தட்டிக்கழிப்பார். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பாதிப்பு ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை.