'இன் தி மூட் ஃபார் லவ்' ப்ளூ-ரே: ஒரு சிவப்பும் இரண்டு கொப்பரைகளும்

வோங் கார்-வாய் இயக்கி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'இன் தி மூட் ஃபார் லவ்' என்ற காண்டனீஸ் திரைப்படத்தின் கிரைட்டீரியன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ப்ளூ-ரே வட்டுப் பதிப்பு, அமெரிக்காவிலிருந்து விடுப்பில் வந்த அத்தை மகனின் பெட்டியில் பயணம் செய்து, இரண்டு மாதங்களுக்கு முன் வேலூர் சத்துவாச்சாரியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இது 2012இல் வெளியான பதிப்பு. இதற்குப் பின் 2021இல், இயக்குநரின் ஏழு படங்களை ஒரே பெட்டியில் அடக்கிய தொகுப்பு ஒன்று வந்தது. அதில் இதே படம் 4கே தரத்தில் மீட்டெடுக்கப்பட்டு, இயக்குநரின் நேரடி மேற்பார்வையில் புதிதாக வண்ணம் சீர்செய்யப்பட்டு இடம்பெற்றுள்ளது. காட்பாடியில் வசிக்கும் தோழி ஒருத்தியிடம் அந்தத் தொகுப்பு இருப்பதால், அடுத்தடுத்த இரவுகளில் ஒரே தொலைக்காட்சியில் இரண்டையும் பார்த்து ஒப்பிட முடிந்தது. புதியதை வாங்கினால் போதுமே, பழையது எதற்கு என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கதை நம் ஊர்க்காரர்களுக்கு அந்நியமானதன்று. 1962ஆம் ஆண்டு ஹாங்காங்கில், ஷாங்காயிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள் நெருக்கியடித்து வாழும் கட்டடம் ஒன்றில், ஒரே நாளில் இரண்டு தம்பதியர் பக்கத்துப் பக்கத்து அறைகளுக்குக் குடிவருகிறார்கள். இதற்குத் தமிழில் ஒண்டுக்குடித்தனம் என்ற சரியான சொல் இருக்கிறது; ஆங்கிலத் துணைவசனம் எவ்வளவு முயன்றாலும் அந்தச் சொல்லின் புழுக்கத்தைக் கொண்டுவர முடியாது. பத்திரிகையாளர் சௌ, கப்பல் நிறுவனத்தில் செயலாளராக வேலை பார்க்கும் திருமதி சான் ஆகிய இருவரும், தத்தம் துணைவர்கள் ஒருவரோடொருவர் உறவு கொண்டிருப்பதை ஒரு கைப்பையையும் ஒரு கழுத்துப்பட்டையையும் வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். அந்தத் துணைவர்களின் குரலும் முதுகும் மட்டுமே நமக்குக் கிடைக்கின்றன. முகம் படம் முடியும்வரை காட்டப்படுவதில்லை. சௌவாக நடித்த டோனி லியுங் இந்தப் படத்துக்காகக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். திருமதி சானாக நடித்த மேகி சியுங்குக்கு அந்த விழாவில் ஏன் எதுவும் கிடைக்கவில்லை என்ற கேள்வி, தூக்கை ஏந்தி நூடுல்ஸ் வாங்கப் படியிறங்கும் அவருடைய நடையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு எழுகிறது.

இந்தப் பதிப்பின் முதன்மையான மதிப்பு அதன் நிறத்தில் இருக்கிறது. என் அப்பா ஆரணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். நிறத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பொதுவாகப் பேசும் வழக்கமில்லை. சிவப்பு என்று யாராவது சொன்னால், அரக்கா, குங்குமமா, மிளகாய்ப்பழமா என்ற கேள்வி உடனே வரும். மேகி சியுங் படம் முழுவதும் அணிந்துவரும், கழுத்தை இறுகப் பிடிக்கும் உயர்ந்த பட்டையுள்ள சியோங்சாம் ஆடைகள் இருபதுக்கும் மேற்பட்டவை. அவற்றை வடிவமைத்த வில்லியம் சாங்தான் படத்தின் கலை இயக்குநரும் படத்தொகுப்பாளரும். ஒரே படிக்கட்டு, ஒரே தெருவிளக்கு, ஒரே சுவர் என்று காட்சிகள் திரும்பத் திரும்ப வரும்போது, இன்று வேறு நாள் என்பதை நமக்குச் சொல்வது ஆடை மாற்றம் ஒன்றுதான். ஆகவே இந்தப் படத்தில் நிறம் பிசகினால் காலமே பிசகிவிடுகிறது.

2012ஆம் ஆண்டு ப்ளூ-ரேயில், விடுதியின் நடைவழியில் காற்றுக்கு அலையும் திரைச்சீலைகள் தெளிவான அரக்குச் சிவப்பு. அதே நடைவழியில் மேகி சியுங் அணிந்து வரும் மேலங்கி அதைவிட ஒரு பங்கு வெளிச்சமான சிவப்பு. இரண்டு சிவப்புகளும் ஒன்றோடொன்று கலக்காமல், புடவையின் உடலும் கரையும் போலத் தனித்தனியே நிற்கின்றன. 2021 தொகுப்பில் கூர்மை கூடியிருக்கிறது. துணியின் நெசவும் சுவரின் காரை உதிர்ந்த இடங்களும் நன்றாகத் தெரிகின்றன என்பதை மனமாரச் சொல்ல வேண்டும். ஆனால் படம் முழுவதன் மீதும் மெல்லிய பாசிப்பச்சை ஏறியிருக்கிறது. நிழல்கள் கறுப்பாக இல்லாமல் பச்சையை நோக்கிச் சாய்கின்றன. சிவப்புகள் தங்கள் சூட்டை இழந்து பழுப்பின் பக்கம் நகர்கின்றன. உணவகத்தில் இருவரும் மற்றவருடைய துணைவரைப் போல உண்டு பார்க்கும் காட்சியில், இறைச்சித் துண்டும் கடுகுச் சாந்தும் வைக்கப்பட்ட பச்சைத் தட்டு பழைய பதிப்பில் சட்டென்று கண்ணில் படும். புதியதில் சுற்றியிருக்கும் எல்லாமே சற்றுப் பச்சையாக இருப்பதால் அந்தத் தட்டின் தனித்தன்மை அமுங்கிவிடுகிறது.

இரண்டாம் இரவு, படம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகாதபோது அப்பா, "வேற கொப்பரைமா இது," என்றார். சாயப்பட்டறைக்காரர்களின் கணக்கில் அது கடுமையான தீர்ப்பு. ஒரே சாயத்தூள், ஒரே எடை, ஒரே சூடு என்றாலும் இரண்டு கொப்பரைகளில் நனைத்த நூல் அப்படியே பொருந்துவது அரிது. ஒரே புடவையின் பாவில் இரண்டு கொப்பரை நூல் கலந்துவிட்டால், நெய்து முடித்தபின் கோடு கோடாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் புதிய கொப்பரையின் நிறம் தவறு என்று அதற்குப் பொருளில்லை என்பதையும் அவரே சொன்னார். தன் சரக்குக்கு மறுபடி சாயம் ஏற்ற நெசவாளிக்கு உரிமை உண்டு. வோங் கார்-வாயும் இந்த மீட்டெடுப்பை முன்வைத்தபோது, இவை பழைய படங்கள் அல்ல, பார்க்கும் நாமும் பழைய பார்வையாளர்கள் அல்ல என்ற பொருளில் வெளிப்படையாகவே எழுதினார். அந்த நேர்மையை மதிக்கிறேன். என் மனக்குறை வேறு. மறுசாயம் ஏற்றியது கடைக்கு வந்தபின் முதல் சாயத்தில் உள்ளது அலமாரியிலிருந்து மெல்ல மறைந்துபோகிறது. கிறிஸ்டோபர் டாயிலும் மார்க் லீ பிங்-பிங்கும் ஒளிப்பதிவு செய்து திரையரங்குகள் பார்த்த அந்த நிறத்துக்கு நெருக்கமானது என்று நான் நம்பும் வட்டு இதுதான்; பழைய சரக்காகக் கிடைத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியது.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வேறொரு ஜப்பானியப் படத்துக்காக ஷிகேரு உமெபயாஷி 1991இல் அமைத்த வயலின் இசை இந்தப் படத்தில் மறுபடி மறுபடி வரும்போது, தாழ்ந்த தந்திகளின் மீட்டல் அறையின் தரையிலிருந்து எழுவதைப் போல இருக்கிறது. மா ஜாங் என்ற சீன விளையாட்டின் காய்கள் உருளும் ஓசையும் மழையும் பின்னணியில் அமுங்கிவிடாமல் கேட்கின்றன.

துணைவசனத்தில் ஒரு குறை உண்டு. வீட்டுக்கார அம்மாள் திருமதி சூயன் ஷாங்காய் மொழியில் பேச, மற்றவர்கள் காண்டனீஸில் பதில் சொல்வது இந்தப் படத்தின் சமூகத்தையே வரைந்துகாட்டும் செய்தி. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் உருதுவும் கேட்டு வளர்ந்த வேலூர்க்காரர்களுக்கு, ஒருவர் ஒரு மொழியில் கேட்க மற்றவர் இன்னொன்றில் விடையளிப்பது இயல்பாகப் புரியும். ஆங்கில எழுத்துகளோ எல்லாவற்றையும் ஒரே மொழியாகச் சமன் செய்துவிடுகின்றன. எந்த இடத்தில் மொழி மாறுகிறது என்பதைச் சாய்வெழுத்தாலாவது காட்டியிருக்கலாம். மொழி தெரியாவிட்டாலும் காதைக் கொடுத்துக் கேட்டால் ஓசையின் வேறுபாடு பிடிபடும். அப்பா அதைத் தாமாகவே கண்டுபிடித்தார்.

கூடுதல் இணைப்புகளில் மிகச் சிறந்தது, படம் உருவான விதத்தைக் காட்டும் 51 நிமிட ஆவணப்படம். முதலில் உணவை மையமாக வைத்த கதைகளாகத் திட்டமிடப்பட்டதிலிருந்து இந்த ஒரு கதை எப்படிப் பிரிந்து வளர்ந்தது என்பதை அதில் அறியும்போது, படத்தில் நூடுல்ஸுக்கும் எள்ளுக் கஞ்சிக்கும் ஏன் அவ்வளவு இடம் என்பது விளங்குகிறது. கலிஃபோர்னியாவின் ஒரு கிடங்கில் 1990களில் கண்டெடுக்கப்பட்ட பழைய சீனப் படச் சுருள்களிலிருந்து வோங் கார்-வாய் தொகுத்த, மூன்று நிமிடம்கூட ஓடாத ஒரு சிறு படமும் இருக்கிறது. அதில் ஒலிக்கும் ஷௌ ஷுவானின் பழைய பாடலே படத்துக்குச் சீனத் தலைப்பைத் தந்தது. உடன் வரும் சிறு புத்தகத்தில் லியூ யி-சாங்கின் சிறுகதையைச் சேர்த்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. படத்தின் இடையிடையே வரும் எழுத்து வரிகள் அவருடைய எழுத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் ஒட்டி அச்சிடப்பட்ட இரட்டை அஞ்சல்தலையைப் போல, ஒரு முதியவரும் ஓர் இளம்பெண்ணும் ஒரே நகரத்தில் எதிரெதிர் திசையில் நடக்கும் கதை அது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அமெரிக்கப் பதிப்பான இந்த வட்டு ஏ மண்டலத்துக்கு உரியது; இந்தியா சி மண்டலத்தில் இருக்கிறது. இங்கே கடையில் வாங்கும் சாதாரணப் பிளேயர் இதை ஏற்காது. எல்லா மண்டலங்களையும் ஏற்கும் பிளேயர் வேண்டும். நாங்கள் பார்த்தது காட்பாடித் தோழியின் அத்தகைய கருவியில்தான். தொலைக்காட்சியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பையும், நிறத்தைத் தூக்கிக்காட்டும் அமைப்பையும் தவறாமல் அணைத்துவிட வேண்டும். மெதுவாக்கப்பட்ட படிக்கட்டுக் காட்சிகள் முதல் அமைப்பால் பாழாகும். அரக்கு இரண்டாவதால் மிளகாய்ப்பழமாகிவிடும். திரையின் இருபுறமும் மெல்லிய கறுப்புப் பட்டைகள் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். படத்தின் சட்டகமே 1.66க்கு 1 என்ற விகிதம் கொண்டது.

நீக்கப்பட்ட காட்சிகளைப் படம் பார்த்த இரவே பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விடுதியின் 2046ஆம் எண் அறையில் இருவருக்கும் இடையே நடந்ததைப் படம் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவைக்கிறது; இணைப்பிலுள்ள காட்சி அந்தக் கதவைத் திறக்கிறது. நான் மூன்று வாரம் கழித்துத்தான் அதைப் பார்த்தேன். அப்பா இன்னும் பார்க்கவில்லை. தமக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நடைவழியில் திரைச்சீலை அலையும் காட்சியை மட்டும் மறுபடி போடச் சொன்னார்.