ஹ்யூகின்: பனோரமா ஒட்டுறதுக்கு காசே இல்லாம இவ்ளோ கிடைக்குது

போன் பனோரமா மோடுல எடுத்தா வேலை சட்டுனு முடிஞ்சிடும், ஆனா கை கொஞ்சம் ஏறி இறங்குனாலும் நேரா இருக்கற கம்பி வேலி படிக்கட்டு மாதிரி ஒடைஞ்சு நிக்கும், பெரிசு பண்ணிப் பார்த்தா ஒரே கொழகொழ. அந்தக் கடுப்புலதான் தனித்தனியா எடுத்த படங்களை ஒரே அகலமான படமா ஒட்டுற ஹ்யூகின்ங்கற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரை இறக்கினேன். ஓபன் சோர்ஸ், ஹெல்முட் டெர்ஷ் எழுதின பனோரமா டூல்ஸ் மேல கட்டினது, வாட்டர்மார்க் தொல்லையும் கெடையாது.

படங்களை உள்ள போட்டு அலைன் அமுக்கினா, பக்கத்து பக்கத்து படங்கள்ல பொதுவா இருக்கற எடங்களை அதுவே தேடி கன்ட்ரோல் பாயின்ட் வச்சிக்கும். வெறும் வெள்ளைச் சுவர்னா பாவம் அது எதைப் புடிக்கும், நாமதான் கையால வைக்கணும். மேகத்து மேல விழுந்த புள்ளியையும் தூக்கிடுங்க, அடுத்த க்ளிக்குக்குள்ள மேகம் நகர்ந்திருக்கும்ல (அதுக்குன்னே செலஸ்ட்னு ஒண்ணு உள்ளயே இருக்கு).

எனக்கு ரொம்ப புடிச்சது மாஸ்க் தான், அதாவது படத்துல வேணாங்கற எடத்தை மறைக்கற வசதி. நடந்து போன ஒருத்தர் என் படத்துல 3 எடத்துல நின்னாரு, ரெண்டு எடத்துல அவரைச் சுத்தி கோடு போட்டு எக்ஸ்க்ளூட் குடுத்தேன், படங்களை ஒட்டு தெரியாம கலக்குற என்பிளெண்ட்ங்கற கருவி பக்கத்து படத்துலேர்ந்து அந்த எடத்தை எடுத்து ரொப்பிடுச்சு, ஒட்டு எங்கன்னு எனக்கே தெரியல.

ஆனா ரூமுக்குள்ள எடுத்தது சொதப்பிடுச்சு. கிட்ட இருந்த நாற்காலிக்கு ரெண்டு முதுகு! தப்பு என்னுதுதான், கேமராவை கையில நீட்டிப் புடிச்சிக்கிட்டு உடம்போட சுத்தினா லென்ஸ் எடம் மாறுது, கிட்ட இருக்கறது ஒரு பக்கம் தூரத்துல இருக்கறது ஒரு பக்கம்னு நகருது, அதை எந்த கணக்காலயும் முழுசா சரி பண்ண முடியாது. லென்ஸை அச்சா வச்சு சுத்தி, எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வைட் பேலன்ஸ் (நிற அளவு) ரெண்டையும் லாக் பண்ணி, பக்கத்து படங்கள் மூணுல ஒரு பங்கு ஒண்ணு மேல ஒண்ணு வர்ற மாதிரி ஓவர்லாப் விட்டு திரும்ப எடுத்தேன், கச்சிதமா உக்காந்துச்சு.

நேர்கோட்டை நேராவே காட்டுற ரெக்டிலீனியர் ப்ரொஜெக்ஷன்ல படத்தோட அகலக் கோணம் 120 டிகிரி தாண்டினா ஓரமெல்லாம் ரப்பர் மாதிரி இழுத்துக்கும், அப்ப உருளை மேல விரிச்ச மாதிரி காட்டுற சிலிண்ட்ரிகலுக்கு மாறிடுங்க.

மெனு பார்த்து மெரளாதீங்க, சிம்பிள் மோடுலயே பாதி வேலை ஆயிடும், மாஸ்க் வேணும்னா மட்டும் அடுத்த மோடுக்கு போங்க. பழைய லேப்டாப்னா ஸ்டிட்ச் (ஒட்டுற வேலை) குடுக்கறதுக்கு முன்னாடி கடைசிப் படத்தோட அகலத்தை கொறைச்சிடுங்க, நான் மறந்துட்டு அப்படியே குடுத்து ஃபேன் கத்துன கத்துல பயந்து கேன்சல் பண்ணிட்டேன்.