அம்மாவோட ஆதார் கைரேகையை லாக் பண்ணி ரெண்டு வருஷம்: எப்படி இருக்கு?

கோத்தகிரி பக்கம் எங்க ஊரு. அம்மா முப்பது வருஷமா தேயிலக் கொழுந்து பறிக்கிறாங்க. ஒரு நாள் ஒரு கடையில ஆதார் கைரேகை மெஷின்ல பேங்க் பணம் எடுக்கப் போனப்ப "ரேகை விழலம்மா, இன்னொரு தடவை வைங்க"ன்னு நாலு தடவை வைக்கச் சொல்லியிருக்காங்க. வீட்டுக்கு வந்து சொன்னதும் எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. ஏன்னா அந்த மெஷின்ல ஆதார் நம்பர், பேங்க் பேரு, கைரேகை மூணும் இருந்தா போதும், பணம் எடுத்துடலாம், ஓடிபி கேக்காது, பின் நம்பரும் கேக்காது. நல்லவேளை பணம் எதுவும் போகல, ஆனா அன்னைக்கு ராத்திரியே ஆதாரோட எம்ஆதார் ஆப்ல அம்மாவைச் சேத்து பயோமெட்ரிக்கை லாக் பண்ணிட்டேன். என் நம்பர்தான் அவங்க ஆதார்ல இருக்கு, அதனால அஞ்சு நிமிஷ வேலைதான். கைரேகை, கண், முகம் மூணுமே பூட்டிக்கும், ஓடிபி வழி மட்டும் திறந்திருக்கும்.

சிக்கல் ரேஷன் கடையில வந்துச்சு. மெஷின்ல 330னு எர்ரர் வருது, கடைக்காரருக்கு அது லாக்னு தெரியல, "தேயில கறையில ரேகை தேஞ்சு போச்சு"ன்னு சொல்றாரு, அம்மாவும் முந்தானையில விரலைத் தொடச்சுத் தொடச்சு வைக்கிறாங்க. பின்னாடி வரிசையில நிக்கிறவங்க முணுமுணுக்க ஆரம்பிச்சதும் அழுற மாதிரி ஆயிட்டாங்க. "உங்க ரேகை லாக்ல இருக்கு"ன்னு தமிழ்ல ஒரு வரி காட்டினா என்ன? இந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல.

இப்ப வரிசையில ரெண்டு பேருக்கு முன்னாடி இருக்கும்போது போன் பண்ணுவாங்க, "தம்பி, பூட்டைத் திறந்துடு." நான் கடைவீதியில இருந்தே தற்காலிகமா திறப்பேன், பத்து நிமிஷத்துல அதுவே மறுபடி பூட்டிக்கும். இந்த வசதி உண்மையிலேயே அருமை, பூட்ட மறந்துடுவோமோன்னு பயமே இல்ல. ஆனா மழைக்காலத்துல மிஸ்ட் இறங்கி டவர் போச்சுன்னா ஆப் சுத்திக்கிட்டே இருக்கும், ஜூலையில ரெண்டு தடவை அரிசி வாங்காமத் திரும்பினாங்க. கையில போனே இல்லாத வயசானவங்க, பிள்ளைங்க திருப்பூர்ல இருக்கறவங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க சொல்லுங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஹிஸ்டரிதான். கடைசி ஆறு மாசத்துல ஆதார் எப்ப யூஸ் ஆச்சுன்னு தேதி, நேரத்தோட வரும். மாசா மாசம் அம்மாவைப் பக்கத்துல உக்கார வெச்சு ஒவ்வொண்ணா வாசிப்பேன். "அது ரேஷன், இது பேங்க்"னு அவங்களே சொல்லிடுவாங்க. அவங்களுக்குத் தெரியாத வரி இதுவரைக்கும் ஒண்ணும் வரல.