சாயத் தண்ணீர்: தனி நிலையமா, பொது நிலையமா?

1992இல் நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயக் கழிவைத் தேக்கிவைத்ததும், ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்று உத்தரவிட்டதும், அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னதும் ஊரறிந்த செய்திகள். ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்பதில் இப்போது மாற்றுப் பேச்சில்லை. பட்டறைக்குள்ளேயே சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் வைத்துக்கொள்வதா, பல பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொது நிலையத்தில் குழாய் போட்டு உறுப்பினராவதா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. சில ஆண்டுகள் சொந்த நிலையத்தை ஓட்டிவிட்டுப் பொது நிலையத்துக்கு மாறியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

இரண்டிலும் வேலை ஒன்றுதான். நுண்ணுயிர்த் தொட்டி, நிறம் நீக்கல், வடிகட்டி, மெல்லிய சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ., கடைசியில் ஆவியாக்கி. சொந்த நிலையத்துக்கு இடமும் முதலும் வேண்டும். பொது நிலையத்துக்குப் பங்குத்தொகையும் குழாயும் மீட்டரும் வேண்டும். இதில் யோசிக்க அதிகமில்லை, வங்கி மேலாளரே சொல்லிவிடுவார்.

யோசிக்க வேண்டியது ஆர்.ஓ.வுக்குப் பின்னால் இருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் சாயத் தண்ணீர் வரும் சிறு பட்டறையில், ஆர்.ஓ. நன்றாக ஓடினால் 85,000 லிட்டர் நல்ல தண்ணீராகத் திரும்பிவிடும். உப்பு முழுவதையும் சுமந்துகொண்டு நிற்கும் மீதி 15,000 லிட்டரை ஆவியாக்கித்தான் தீர வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 540 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். பாய்லரில் வீணாவது போக ஒரு கிலோ விறகிலிருந்து 2,000 கிலோ கலோரி கிடைத்தால் பெரிது. ஒரே நீராவியை மூன்று முறை பயன்படுத்தும் மூன்று கட்ட ஆவியாக்கி இருந்தாலும் கிலோவுக்கு எட்டு, ஒன்பது லிட்டரைத் தாண்டாது. ஆக, தினமும் இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவான விறகு, துணிக்குச் சாயமேற்ற அல்ல, சாயமேற்றிய தண்ணீரைக் காணாமல் செய்ய மட்டும் எரிகிறது. ஆற்றைக் காப்பாற்ற மரத்தை எரிக்கிறோம் என்று எங்கள் பாய்லர்காரர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை, விறகு பில்லில் கையெழுத்துப் போடுபவன் நான்.

பொது நிலையத்தில், ஆவியாக்கியில் எழும் நீராவியையே மின்விசையால் அழுத்திச் சூடேற்றித் திரும்பப் பயன்படுத்தும் இயந்திரம் இருக்கிறது. ஆயிரம் லிட்டருக்கு இருபது, முப்பது யூனிட் மின்சாரத்தில் வேலை முடிகிறது. சிறு பட்டறையும் அதை வாங்கலாம்தான். ஆனால் அந்த அழுத்தி பழுதானால் மாற்று இயந்திரம் வைத்துக்கொள்ள ஒற்றைப் பட்டறையால் முடியாது, அது நிற்கும் அன்று பட்டறையும் நிற்கும்.

இதைவிட என்னை மாற வைத்தது நுண்ணுயிர்த் தொட்டி. நுண்ணுயிர்களுக்கு விடுமுறை கிடையாது. தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போய்ப் பட்டறை பத்து நாள் நின்றால், சாயத் தண்ணீர் என்ற தீனி இல்லாமல் தொட்டி செத்துவிடும். வெல்லத்தைக் கரைத்து ஊற்றுவோம், யூரியா போடுவோம், சாணம் கரைத்து மறுபடி உயிரேற்றுவோம். ஒரு வருடம் திரும்பி வந்தபோது தொட்டியின் நுரை பழுப்பிலிருந்து கறுப்பாகி, வாடை சாலைவரை அடித்தது. அது தேறும்வரை நிறம் போகாத தண்ணீர் ஆர்.ஓ.வுக்குப் போய் அதன் சவ்வுகளான மெம்பரேன்களை அடைத்தது. அவற்றைக் கழுவியும் பழைய வேகம் வரவில்லை, காலத்துக்கு முன்பே மாற்ற நேர்ந்தது. ஆர்டர் ஏறி இறங்குவது பனியன் தொழிலின் இயல்பு. பல பட்டறைகளின் தண்ணீர் ஒன்றுசேரும் இடத்தில் ஒருவர் நின்றாலும் இன்னொருவர் ஓடுவதால் தொட்டி பட்டினி கிடப்பதில்லை. மூன்று ஷிப்டுக்கும் வேதியியல் தெரிந்த ஆளை வைத்துக்கொள்ளும் செலவும் அங்கே பங்கு பிரிகிறது.

உப்பிலும் ஒரு லாபம் உண்டு. பருத்தித் துணியில் சாயம் ஏற லிட்டருக்கு 30 முதல் 80 கிராம்வரை உப்பு போடுகிறோம். எங்கள் பொது நிலையத்தில் எல்லோரும் சோடியம் சல்பேட் மட்டுமே போட வேண்டும் என்பது கட்டுப்பாடு. அதனால் கலப்பில்லாத உப்புக் கரைசல் பட்டறைக்கே திரும்பி வந்து அடுத்த சாயத் தொட்டியில் விழுகிறது. தொடக்கத்தில் எங்கள் டையிங் மாஸ்டர் அதை நம்பவில்லை. மாதிரித் துணி போட்டு, வெயிலிலும் டியூப்லைட்டிலும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார். வெளிர் நிறங்களுக்கு இன்றும் புது உப்புதான் கேட்கிறார், நான் வற்புறுத்துவதில்லை.

பொது நிலையத்தில் குறை இல்லாமல் இல்லை. யாரோ ஒருவர் கட்டுப்பாட்டை மீறிச் சாதாரண உப்பைப் போட்டால் எல்லோருடைய கரைசலும் கெடும். நிலையத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தால், ஒழுங்காக நடந்தவரும் சேர்ந்துதான் மூட வேண்டும். ஒதுக்கிய அளவுக்கு மேல் ஒரு லிட்டர் விடவும் அனுமதியில்லை என்பதால் அவசர ஆர்டரைக் கைவிட்ட மாதங்கள் உண்டு. நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் கையாளும் பெரிய ஆலைக்கு இந்தத் தலைவலிகளைவிடச் சொந்த நிலையமே மேலாக இருக்கலாம். அந்த அளவில் நான் தொழில் செய்ததில்லை, என் கணக்கை அங்கே கொண்டுபோய்ப் பொருத்தக் கூடாது.

சிறு பட்டறைக்காரர் சொந்த நிலையத்தின் செலவுக் கணக்கைப் போடும்போது பெரும்பாலும் விட்டுவிடும் இனம் ஒன்று உண்டு: கலவை உப்பு. நாங்கள் ஓட்டிய காலத்தில் சல்பேட்டும் சாதாரண உப்பும் கலந்து சேர்ந்த மூட்டைகள் பட்டறையின் பின்புறக் கொட்டகையில் இன்றும் அடுக்கியிருக்கின்றன. வாங்க ஆளில்லை, கொட்ட அனுமதியில்லை. ஐப்பசி மழையில் ஈரம் ஏறிக் கசிந்தால் தரையில் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; தார்ப்பாயை மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம்.