வோல்டென்பெர்க், கிரியாசோவெட்ஸ்: இரு முகாம்களின் வகுப்பறைகள்

இரண்டாம் உலகப் போரில் போர்க்கைதிகளாக இருந்தபோதும் போலந்து ராணுவ அதிகாரிகள் படித்தார்கள், கற்பித்தார்கள். ஆனால் ஜெர்மானியரின் வோல்டென்பெர்க்கையும் சோவியத்தின் கிரியாசோவெட்ஸையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

வோல்டென்பெர்க்கில் 6,000க்கும் மேற்பட்டோர். போர்க்கைதிகளை நடத்தும் விதிகளைச் சொல்லும் ஜெனீவா ஒப்பந்தம் அவர்களை ஓரளவு காத்தது. வெளியிலிருந்து புத்தகங்கள் வந்தன. நூலகம், நாடகம், முறையான வகுப்புகள் இருந்தன. தொல்லியல் அறிஞர் காஜிமியெஷ் மிஹவோவ்ஸ்கி எகிப்தியவியல் கற்பித்தார். 1944இல் முகாமுக்குள் ஒலிம்பிக் போட்டிகூட நடந்தது!

கிரியாசோவெட்ஸில் இருந்தவர்களோ 1940இல் போலந்து அதிகாரிகளை சோவியத் கொன்று குவித்த கத்தீன் படுகொலைக்குத் தப்பிய சுமார் 400 பேர். அங்கே ஒருவர் உரை நிகழ்த்த, அதன் வாசகத்தை முன்கூட்டியே முகாம் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். என்னை அதிகம் அசைப்பது இந்த முகாம்தான். ஓவியர் யூசெஃப் சாப்ஸ்கி, கடுங்குளிரில் பகல் வேலை முடித்த தோழர்களிடம், கையில் பிரதியே இல்லாமல், பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட்டின் நாவலைப் பற்றி நினைவிலிருந்தே பிரெஞ்சில் பேசினார். அவர் சொல்லச் சொல்ல நண்பர்கள் இருவர் எழுதிவைத்ததால் அது அழியாமல் தப்பியது.